ஹப்புக்குப் பின்னால் ஹப்: எத்தனை வரைக்கும் போகலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் பார்க்க ரொம்பச் சின்னது. ஒரு யூஎஸ்பி ஹப்புல இன்னொரு ஹப்பைச் சொருகி, அதுல இன்னொண்ணைச் சொருகி, இப்படியே எவ்வளவு தூரம் போகலாம்? இதுக்கு விடை ஒரே எண்தான்: 5. ஆனா அந்த 5-ஐ நாம எண்ணுற விதமும் கம்ப்யூட்டர் எண்ணுற விதமும் வேற வேற. அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

கல்யாண மண்டபங்கள்ல லைவ் ஸ்ட்ரீமிங் பண்ற நேயர் ஒருத்தர் எழுதியிருந்தார். லேப்டாப் ஓரமா ஒரு மேசையில இருக்கு. மேடைக்கு நேர் எதிர்ல ஒரு சின்ன யூஎஸ்பி கேமரா. நடுவுல 15 மீட்டர் தூரம். லேப்டாப்புல ஒரு டாக். அந்த டாக்ல ஒரு 7 போர்ட் ஹப். ஆடியோ மிக்சர், மவுஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதுல. அதே ஹப்புல இருந்து கேமரா வரைக்கும் 5 மீட்டர் ரிப்பீட்டர் கேபிள் மூணு, ஒண்ணு பின்னால ஒண்ணு.

ரெண்டு கேபிள் மாட்டினா கேமரா தெரியுது. மூணாவதை மாட்டினா கேமரா இல்லவே இல்லை. கடையில கேட்டதுக்கு "பவர் பத்தல சார்"னு சொல்லி, அடாப்டர் வெச்ச கேபிள் ஒண்ணைக் குடுத்திருக்காங்க. அதுலயும் அதே கதை. அவரோட கேள்வி நியாயமானது: "டாக் ஒண்ணு, ஹப் ஒண்ணு, கேபிள் மூணு. மொத்தம் அஞ்சுதானே? அஞ்சு வரைக்கும் போகலாம்னுதானே விதி? பின்ன ஏன் வரல?"

(அவருக்கு நான் முன்னாடியே பதில் எழுதிட்டேன். இந்த எபிசோட் வெளியாகிறதுக்குள்ள அவருக்கு ரெண்டு முகூர்த்தம் இருந்தது. தாலி கட்டுற நேரத்துல கேமரா காணாமப் போனா, அதுக்கு ரீடேக் கிடையாது.)

முதல்ல விதியைப் பார்த்துடலாம். யூஎஸ்பி இணைப்பு என்பது ஒரு மரம் மாதிரி. வேர் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அதுக்கு ரூட் ஹப்னு பேரு, அதுதான் முதல் அடுக்கு. அங்கிருந்து கணக்குப் போட்டா மொத்தம் 7 அடுக்கு வரைக்கும்தான் அனுமதி. ஏழாவது அடுக்கில் கேமராவோ மவுஸோ இருக்கலாம், ஹப் இருக்கக் கூடாது. அப்போ நடுவுல மிஞ்சுறது 5 அடுக்கு. கம்ப்யூட்டருக்கும் கடைசிச் சாதனத்துக்கும் இடையில் ஒரே வரிசையில 5 ஹப். பக்கவாட்டுல எத்தனை வேணா விரிக்கலாம். இந்த விதி ஆழத்தைப் பத்தினது மட்டும்தான்.

அடுத்து, ஹப்னா என்ன? நம்ம கண்ணுக்கு அது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கம்ப்யூட்டருக்கு அது ஒரு சிப். ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு சிப் இருந்தா, கம்ப்யூட்டர் கணக்குல அது ரெண்டு ஹப்.

கடையில கிடைக்கிற 7 போர்ட் ஹப்புகள்ல நிறையவற்றில் இதுதான் நடக்குது. பரவலா, மலிவா கிடைக்கிறது 4 போர்ட் சிப். ஒரு சிப்போட நாலாவது போர்ட்ல இன்னொரு சிப்பை இணைச்சுட்டா, முதல் சிப்புல 3, ரெண்டாவதுல 4, ஆக 7. அந்த "7" எப்படி வந்ததுன்னு இப்போ புரியும். 10 போர்ட் ஹப்பும் பல சமயம் இப்படித்தான்: முதல் சிப்போட ரெண்டு போர்ட்ல ரெண்டு சிப், 2 கூட்டல் 4 கூட்டல் 4.

ஆக, 7 போர்ட் ஹப்புல எல்லாப் போர்ட்டும் சமமில்லை. 3 போர்ட் ஒரு அடுக்கு ஆழத்துல இருக்கு, மீதி 4 போர்ட் ரெண்டு அடுக்கு ஆழத்துல இருக்கு. வெளியில் எந்த அடையாளமும் இருக்காது. என்னைக் கேட்டா, இதைப் பெட்டி மேலயே போட்டிருக்கணும். யாரும் போடுறதில்லை.

ரிப்பீட்டர் கேபிளும் ஒரு ஹப்தான், ஒரே ஒரு போர்ட் உள்ள ஹப். கேபிள் முனையில தடிமனா ஒரு உருளை இருக்கே, சிப் அதுக்குள்ள இருக்கு. நீளமான சில கேபிள்கள்ல நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். போர்ட் வெச்ச கீபோர்டுக்குள்ளயும் ஹப் இருக்கு, போர்ட் வெச்ச மானிட்டருக்குள்ளயும் இருக்கு. டாக்குக்குள்ள ஒண்ணாவது இருக்கும், ரெண்டும் இருக்கலாம். ஏன், 2010-ஐ ஒட்டி வந்த இன்டெல் சிப்செட்டுகள்ல மதர்போர்டுக்குள்ளயே, ரூட் ஹப்புக்கு அடுத்தபடியா, ஒரு ஹப் பொதிஞ்சிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்கள்ல நீங்க எதையும் சொருகுறதுக்கு முன்னாடியே அஞ்சுல ஒண்ணு செலவாயிடுச்சு.

இப்போ நம்ம நேயரோட கணக்கைத் திரும்பப் போடுவோம். டாக் 1. 7 போர்ட் ஹப்புல அவர் கேபிளைச் சொருகியிருந்தது ரெண்டாவது சிப்போட போர்ட்ல, அதனால 2. ரெண்டு ரிப்பீட்டர் கேபிள் சேர்த்தா 5. அதுவரைக்கும் சரியா ஓடியிருக்கு. மூணாவது கேபிள் ஆறாவது ஹப். கம்ப்யூட்டர் அந்த ஆறாவது ஹப்பையே ஏத்துக்கல. ஹப்பே இல்லைன்னா அதுக்குப் பின்னால இருக்கிற கேமரா எப்படித் தெரியும்? அதே பெட்டியில வேற போர்ட்டுக்கு மாத்திச் சொருகிப் பாருங்கன்னு எழுதினேன். மூணாவது போர்ட்ல கேமரா வந்துடுச்சு. ஒரு பைசா செலவில்லை.

சரி, ஏன் 5? ஏன் 10 இல்லை? ஏதோ கமிட்டியில உட்கார்ந்து மனசுக்குத் தோணின எண்ணைப் போட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. இதுக்குப் பின்னால ஒரு கடிகாரம் இருக்கு.

யூஎஸ்பியில சாதனங்கள் தானாப் பேசாது. கிளினிக்குல டோக்கன் கூப்பிடுற மாதிரி, கம்ப்யூட்டர் ஒவ்வொருத்தரையா கூப்பிடும்: "கேமரா, ஏதாவது இருக்கா?" கேமரா பதில் சொல்லணும். கொஞ்ச நேரத்துக்குள்ள பதில் வரலைன்னா, கம்ப்யூட்டர் ஆள் இல்லைன்னு முடிவு பண்ணி அடுத்த வேலைக்குப் போயிடும். ரொம்ப நேரம் காத்திருந்தா மத்தவங்க நேரம் வீணாகும். அதனால காத்திருக்கும் நேரம் விதியிலேயே கறாரா எழுதப்பட்டிருக்கு.

2000-ல வந்த யூஎஸ்பி 2.0-வை எடுத்துக்கலாம். அந்த நேயரோட ரிப்பீட்டர் கேபிளும் அந்த வகைதான். நொடிக்கு 480 மெகாபிட். ஒரு பிட் கடந்து போக சுமார் 2.08 நானோ நொடி. பதிலுக்காகக் கம்ப்யூட்டர் குறைந்தது 736 பிட் நேரம் காத்திருக்கணும், 816 பிட் நேரத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறக்குறைய 1,530-ல் இருந்து 1,700 நானோ நொடிக்குள்ள கதவை மூடிடணும்.

இப்போ வழியில் ஆகிற செலவு. ஒரு கேபிளைக் கடக்க அதிகபட்சம் 26 நானோ நொடி அனுமதி. 5 மீட்டர் என்கிற கேபிள் நீளமும் இதிலிருந்துதான் வருது. 5 ஹப் இருந்தா 6 கேபிள், போக 6 வர 6, மொத்தம் 312 நானோ நொடி. ஒரு ஹப் சிக்னலை வாங்கி, சரிபண்ணி, மறுபடி அனுப்ப அதிகபட்சம் 36 பிட் நேரமும் 4 நானோ நொடியும், அதாவது சுமார் 79 நானோ நொடி. போக 5 வர 5, மொத்தம் 790. கேமரா பதில் சொல்ல ஆரம்பிக்க 192 பிட் நேரம், அதாவது 400 நானோ நொடி. கூட்டினா சுமார் 1,502 நானோ நொடி. பிட் கணக்குல 721. குறைந்தபட்சக் காத்திருப்பு 736. மயிரிழையில உள்ள வந்துடுது.

ஆறாவது ஹப்பையும் ஒரு கேபிளையும் சேர்த்துப் பாருங்க. போக வர ரெண்டு ஹப் நேரம் 158, ரெண்டு கேபிள் நேரம் 52, ஆக 210 நானோ நொடி கூடும். மொத்தம் 1,712. பிட் கணக்குல 822. கம்ப்யூட்டர் 816-லயே கதவைச் சாத்தியாச்சு. கேமரா பதில் சொல்லுது, ஆனா அது வந்து சேரும்போது கம்ப்யூட்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாச்சு. இந்தக் கணக்கை நான் முதல் தடவை பேப்பர்ல போட்டப்போ, இவ்வளவு நெருக்கமா வெட்டியிருக்காங்களேன்னு ஆச்சரியமா இருந்தது. 5 தாங்கும், 6 தாங்காது. நடுவுல இழுத்துக்க இடமே விடலை.

இன்னொரு காரணமும் உண்டு, இது எனக்கு இன்னும் பிடிச்சது. ஒவ்வொரு செய்திக்கு முன்னாடியும் 32 பிட் நீளத்துக்கு ஒரு முன்னோட்டம் வரும். அதுல தகவல் எதுவும் இல்லை. கேட்கிறவர் தாளத்தைப் பிடிச்சுக்கத்தான் அது. பாடகர் ஆரம்பிச்சதும் மிருதங்கக்காரர் ரெண்டு தட்டு கவனிச்சுட்டுச் சேர்ந்துக்குவாரே, அந்த மாதிரி. ஒவ்வொரு ஹப்பும் தாளம் பிடிக்கும்போது முதல் சில பிட்டுகளைத் தவறவிடும். அதிகபட்சம் 4 பிட் தவறவிடலாம்னு விதி. 5 ஹப் தாண்டினா 20 பிட் போச்சு, கடைசிச் சாதனத்துக்குக் கிடைக்கிறது 12 பிட். அந்த 12-ஐ வெச்சு அது தாளம் பிடிச்சாகணும். ஆறாவது ஹப் வந்தா 8 தான் மிஞ்சும்.

இதைக் கேட்டதும் சிலர் கேட்பீங்க: "நான் எல்லாமே ஒரு ஜாண் கேபிளா போட்டா? அப்போ நேரம் மிச்சமாகுமே, ஆறு ஓடாதா?" நேரக் கணக்குப்படி ஓட வாய்ப்பிருக்கு. மேல சொன்னது எல்லாமே மோசமான நிலைமைக்கான எண்கள். ஆனா கேபிள் எவ்வளவு நீளம்னு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாது. அது அடுக்கை மட்டும் எண்ணும். லினக்ஸ்ல ஆறாவது ஹப்பைச் சொருகினா "ஹப் நெஸ்டட் டூ டீப்"னு லாக்ல எழுதிட்டு, அந்த ஹப்பை அப்படியே விட்டுடும். விண்டோஸும் இதுக்குன்னே தனியா ஒரு நிலை வெச்சிருக்கு.

பவர் விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் சொன்னது இந்த இடத்துல பொருந்தல, ஆனா பொதுவா அவர் சொல்றது தப்பில்லை. வீட்டுல உங்களுக்கு ஆழத்தோட எல்லை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பவரோட எல்லை வந்துடும்.

யூஎஸ்பி 2.0 போர்ட் அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர் தரணும். அடாப்டர் இல்லாத ஒரு ஹப் அதுல 100-ஐத் தனக்கு எடுத்துக்கிட்டு, தன் 4 போர்ட்டுக்கும் தலைக்கு 100 தரலாம். இப்போ அதுல அடாப்டர் இல்லாத இன்னொரு ஹப்பைச் சொருகினா, அதுக்குக் கிடைக்கிறதே 100. அதைத் தானே தின்னுடும். பின்னால இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமில்லை. ஆக விதிப்படி அடாப்டர் இல்லாத ஹப்புக்குப் பின்னால அடாப்டர் இல்லாத ஹப் கூடவே கூடாது. அப்போ மூணு ரிப்பீட்டர் கேபிள் வரிசையா எப்படி ஓடுது? பெரும்பாலும் அவை இந்தக் கணக்கைக் கண்டுக்காம 5 வோல்ட்டை அப்படியே கடத்திவிடுது. ஓடுற வரைக்கும் ஓடும்.

எதுவரைக்கும்? கம்பியைப் பொறுத்தது. மெல்லிசான 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. 5 மீட்டர் கேபிள்னா போக வர 10 மீட்டர், சுமார் 2.1 ஓம். 500 மில்லிஆம்பியர் இழுத்தா ஒரு கேபிள்லயே ஒரு வோல்ட் காலி. 24 கேஜ் தடிமன்னா 0.4 வோல்ட் சுமார்தான் போகும். அதனாலதான் ரிப்பீட்டர் கேபிள் வாங்கும்போது விலையை விடத் தடிமனைப் பாருங்கன்னு நான் எப்பவும் சொல்வேன். கைக்குக் கனமா இருந்தா நல்லது. அடாப்டர் சொருக இடம் இருக்கிற கேபிளை கேமரா பக்கத்துல கடைசியாப் போடுங்க, லேப்டாப் பக்கத்துல இல்லை.

ரெண்டு நோயையும் பிரிச்சறிய ஒரு அடையாளம் இருக்கு. பவர் பிரச்சினைன்னா சாதனம் வரும், போகும். டிங்-டாங்னு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். கேமரா ஆன் ஆகும், வீடியோ ஆரம்பிச்சதும் விழுந்துடும். ஆழப் பிரச்சினைன்னா அது வரவே வராது. எத்தனை அடாப்டர் மாட்டினாலும் அதே அமைதி. நேயர் எழுதினதுல "இல்லவே இல்லை"ன்னு ஒரு வார்த்தை இருந்தது பாருங்க, அதை வெச்சுத்தான் எனக்குப் பிடிபட்டது.

127 என்கிற எண்ணையும் நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. முகவரிக்கு 7 பிட், அதனால 128 முகவரி, அதுல பூஜ்யம் புதுசா சொருகின சாதனத்துக்காக ஒதுக்கினது, மீதி 127. ஹப்புகளும் இந்த 127-க்குள்ளதான் வரும். நடைமுறையில் அதுக்கு முன்னாடியே கன்ட்ரோலர் சிப்புல இடம் தீர்ந்துடும்; 32 அல்லது 64 சாதனத்துக்கு மட்டும் இடம் வெச்ச சிப்புகள் உண்டு. விண்டோஸ்ல "நாட் எனஃப் யூஎஸ்பி கன்ட்ரோலர் ரிசோர்சஸ்"னு வந்தா அது இந்த வகைச் சிக்கல். ஹப்பை மாத்தி மாத்திச் சொருகி அது தீராது.

உங்க கம்ப்யூட்டர்ல நிலைமை எப்படின்னு பார்க்க, விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவுல "டிவைசஸ் பை கனெக்ஷன்" கொடுங்க. மரம் அப்படியே தெரியும். ரூட் ஹப்புக்குக் கீழ உங்க சாதனம் வரைக்கும் "ஹப்"னு பேர் வர்ற வரிகளை எண்ணுங்க. மேக்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல யூஎஸ்பி பகுதி. லினக்ஸ்காரங்களுக்கு எல்எஸ்-யூஎஸ்பி கட்டளையோட மைனஸ் டி போட்டா போதும். ஒரு எச்சரிக்கை: யூஎஸ்பி 3 ஹப்புகள் ரெண்டு இடத்துல தெரியும், ஏன்னா ஒரு பெட்டிக்குள்ள பழைய வேகத்துக்கு ஒரு ஹப், புது வேகத்துக்கு ஒரு ஹப்னு ரெண்டு தனித்தனியா ஓடுது. அதைப் பார்த்து ரெட்டிப்பா எண்ணிடாதீங்க. உங்க சாதனம் இருக்கிற கிளையை மட்டும் எண்ணுங்க. 7 போர்ட் ஹப்புல ஒரு பென்டிரைவை ஒவ்வொரு போர்ட்டா மாத்திச் சொருகி, எந்தப் போர்ட் மேல இருக்கு, எது கீழ இருக்குன்னு கண்டுபிடிச்சு, மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

2008-ல வந்த யூஎஸ்பி 3.0-ல இந்த எல்லை தளரலியான்னு கேட்டா, இல்லை, இன்னும் இறுகிடுச்சு. யூஎஸ்பி 2-ல கம்ப்யூட்டர் பேசுறது எல்லா ஹப் வழியாகவும் எல்லாருக்கும் பரவும். யாருக்கான செய்தியோ அவர் எடுத்துக்குவார். யூஎஸ்பி 3-ல ஒவ்வொரு பாக்கெட் மேலயும் வழி எழுதியிருக்கும்: முதல் ஹப்புல இத்தனாவது போர்ட், ரெண்டாவதுல இத்தனாவது, இப்படி. அந்த வழியை எழுத மொத்தமே 20 பிட். ஒரு அடுக்குக்கு 4 பிட் வீதம் 5 அடுக்கு. ஆறாவது ஹப்போட போர்ட்டை எழுத தாள்ல இடமே இல்லை. 4 பிட்ல எழுதுறதால ஒரு ஹப்புக்கு 15 போர்ட்டுக்கு மேல வைக்கவும் முடியாது.

அப்போ 30 மீட்டருக்கு மேல போகணும்னா? 5 ஹப், 6 கேபிள், தலைக்கு 5 மீட்டர். யூஎஸ்பி 2-ல ஹப் வழியில் 30 மீட்டர்தான் முடிவு. அதுக்கு மேல ஈதர்நெட் கேபிள் வழியா போற எக்ஸ்டெண்டர் வாங்கணும். இதுலயும் ரெண்டு வகை. ரெண்டு முனையிலயும் வெறும் சாக்கெட் மட்டும் வெச்சு, சில நூறு ரூபாய்க்கு வர்றது வெறும் கம்பிதான். தூரத்தோட நேரக் கணக்கு அதுக்கும் அப்படியே பொருந்தும். மற்ற வகையில் ரெண்டு முனையிலயும் சிப் இருக்கும். கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கிற சிப், கேமராவோட பதில் வந்து சேர்ற வரைக்கும், கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் "இருங்க, இன்னும் தயாராகல"ன்னு உடனுக்குடன் சொல்லிக்கிட்டிருக்கும். அப்படிச் சொல்ல விதியிலேயே இடம் இருக்கு. பதில் வந்ததும், அடுத்த தடவை கேட்கும்போது கொடுத்துடும். கேமராவுக்கு மட்டும் இதுல ஒரு சிக்கல். வீடியோவைத் தொடர்ச்சியா அனுப்புற முறையில "இருங்க"ன்னு சொல்ற வழக்கம் கிடையாது, அந்த நேரத்துக்கு வரலைன்னா அந்தத் துண்டு போச்சு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி, பெட்டி மேல ஐசோக்ரோனஸ் என்கிற வார்த்தை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, வெப்கேம் ஓடுமான்னு கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்க. பிரிண்டர் ஓடினதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.